உண்டபின் தாழும் சர்க்கரை

பசித்தவன் மயங்குதல் யாவரும் அறிந்த செய்தி. வயிறார உண்ட ஒருவர், உண்டு இரண்டு மணி நேரம் கழியுமுன், உண்ட அவ்வுணவின் காரணமாகவே இரத்தத்திலுள்ள சர்க்கரை வற்றி மயங்கி விழுவார் என்று கூறினால், கேட்போர் அதனை எளிதில் நம்பார். ஆயினும், உடற்பருமனைக் குறைக்கும்பொருட்டு இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டாருள் ஒரு சாரார்க்கு இவ்வாறு நிகழ்தல் மருத்துவ நூலோர் ஆராய்ந்து நிறுவிய உண்மையாம். அதனினும் வியப்பானது ஒன்றுண்டு. இந்நோயுடையார் பட்டினி கிடக்குங்கால் இம்மயக்கம் வருவதில்லை, உண்டால் வருகின்றது, இனிப்பை உண்டால் விரைந்து வருகின்றது. வந்த மயக்கத்தைத் தீர்க்க மேலும் இனிப்பையே ஊட்டினால், அப்போதைக்குத் தீர்ந்து, சிறிது நேரத்தில் மீண்டும் வருகின்றது.

இப்பொருளைக் கல்லூரிச் சஞ்சிகையில் எழுதப் புகுந்தது ஏனென்று வினவுவார்க்கு ஒரு சொல். இவ்வறுவை மேனாடுகளோடு நின்ற காலம் கழிந்துவிட்டது. சென்னை, கோயம்புத்தூர் முதலிய நம் நகரங்களிலும் இந்நாளிற் பலர் இதனைச் செய்துகொள்கின்றனர். இக்கட்டுரையைப் படிக்கும் ஆசிரியருள்ளும், பழைய மாணவருள்ளும், மாணவரின் பெற்றோருள்ளும் அத்தகையார் இருத்தல் கூடும். அறுவை நிகழ்ந்து ஓர் ஆண்டோ அதற்கு மேலோ சென்றபின்னரே இக்குறை பெரும்பாலும் தலைகாட்டுகின்றது. அதற்குள் அறுவையைப் பற்றிய நினைவே மங்கியிருக்கும்; வந்த மயக்கத்திற்கும் அதற்கும் தொடர்புண்டென்று பலர் எண்ணார். பக்கத்திருப்போரோ பித்தமென்பர், களைப்பென்பர், மனக்கலக்கமென்பர். நாக் குழறக் கண்டு குடிமயக்கமென்று கருதுவாரும் உளர்.

முதற்கண், நம் இரத்தத்திற் சர்க்கரை எவ்வளவு உளதென்று காண்போம். வளர்ந்த ஒருவர் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் ஓடுகின்றது. உண்ணாத வேளையில் அதன் ஒவ்வொரு 100 மில்லிலிட்டரிலும் 90 மில்லிகிராம் அளவிற் குளுக்கோஸ் என்னும் சர்க்கரை கரைந்திருக்கும். பெருக்கிப் பார்த்தால் மொத்தம் நாலரை கிராமே வரும். அஃதாவது ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை. மூளையோ நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோஸைச் செலவிடுகின்றது. மணிக்கு 5 கிராம். கல்லீரல் தன் சேமிப்பினின்று ஓயாது எடுத்து வழங்காவிடின், இரத்தத்திலுள்ள அவ்வொரு கரண்டியை மூளை மட்டுமே ஒரு மணி நேரத்திற் தீர்த்துவிடும். இனி உணவின் பக்கம் நோக்குவோம். ஒரு கோப்பைச் சோற்றில் 45 கிராம் அளவு மாச்சத்து உண்டு. அது முழுதும் குளுக்கோஸாகி ஒருங்கே இரத்தத்துட் பாயுமாயின், அங்கிருந்ததைப்போற் பத்து மடங்கு ஒரே வேளையில் வந்து சேரும். உடல்நலமுடையார்க்கு அவ்வாறு பாய்வதில்லை; உண்டபின்னும் அவர்தம் சர்க்கரை 140 மில்லிகிராமைக் கடப்பது அரிது. இந்நிலையைக் காப்பனவற்றுள் தலையாயவை இரண்டு. ஒன்று இரைப்பை, மற்றொன்று கணையத்திற் சுரக்கும் இன்சுலின்.

இரைப்பையை ஓர் ஏரி எனலாம். ஏரிக்கு மதகு உள்ளதுபோல், இரைப்பையின் கீழ்ப்புறத்தே சுருங்கி விரியும் தசைவாயில் ஒன்றுண்டு. கரைந்த உணவை அது சிறிது சிறிதாகவே சிறுகுடலுக்குள் விடும். ஒரு வேளை உணவு முற்றும் இறங்குவதற்குச் சில மணி நேரம் ஆவது இதனாலேயே. இன்சுலின் வடிகால் போன்றது. வயலில் நீர் மிகும்போது திறந்து, தணியும்போது அடைபடுவது. மதகும் வடிகாலும் ஒன்றற்கொன்று ஒத்து இயங்குங்காறும் பயிருக்குத் தீங்கில்லை.

பருமனைக் குறைக்கும் அறுவைகளுள் இரண்டு பெருவழக்கினவாம். ஒன்றில், இரைப்பையின் வெளிவளைவுப் பக்கத்தை நீளவாக்கில் அறுத்து நீக்கி, நாலில் ஒரு பங்கு அளவே குழாய்போல் எஞ்சவிடுவர். மற்றொன்றில், இரைப்பையின் மேற்பகுதியில் 30 மில்லிலிட்டர் கொள்ளுமளவிற்கு ஒரு சிறு பையை வகுத்துப் பிரித்து, அதனை நேரே சிறுகுடலின் இடைப்பகுதியோடு தைத்துவிடுவர். எஞ்சிய பெரிய இரைப்பை உடலினுள்ளேயே கிடக்கும். ஆயின் உணவு அதன் வழியே செல்வதில்லை. ஏரியும் மதகும் இருந்தபடியே இருக்க, ஆற்றைப் பக்கத்தே திருப்பிவிட்டது போலாம். குடலை ஆங்கில ‘ஒய்’ எழுத்தின் வடிவில் இணைக்கும் இம்முறை, சுவிட்சர்லாந்து தேசத்து லோஸான் நகரில் வாழ்ந்த ஸேஸார் ரூ (1857–1934) என்னும் அறுவை வைத்தியரின் பெயரால் வழங்குகின்றது. நாம் கூறும் குறை இவ்விரண்டாவது அறுவையின் பின்னரே மிகுதி. முதலாவதன் பின்னரும் சிலர்க்கு உண்டு.

இரைப்பையை அறுத்தல் பருமன் குறித்துத் தொடங்கியதன்று. 1881-ஆம் ஆண்டில் வியன்னா நகரில் தியோடர் பில்ராத் என்பவர் புற்றுநோய் பற்றிய இரைப்பைப் பகுதியை வெற்றியுற நீக்கினார். அதன்பின் இரைப்பைப் புண்ணுக்கும் இவ்வகை அறுவைகள் பெருகின. பெருகவே, அறுவை பெற்றாருட் சிலர் உண்டவுடன் வியர்த்துப் படபடத்துச் சோர்வது காணப்பட்டது. உணவு குடலுட் கடுகப் பாய்தலே காரணமென 1913-இல் இலண்டன் வைத்தியர் ஆர்தர் ஹெர்ட்ஸ் எழுதினார். பிற்காலத்தில், புண்ணுக்காக இரைப்பையின் பெரும்பகுதியை இழந்தார் மெலிந்தே இருத்தலைக் கண்ட எட்வர்டு மேஸன் என்பார், அம்மெலிவையே நோக்கமாகக் கொண்டு, சிக்காஷி இட்டோ என்பவரோடு கூடி, 1966-இல் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்திற் பருமனுக்கென்றே புதியதோர் அறுவையைத் தொடங்கினார். ஒரு சிகிச்சையின் குறையாகத் தோன்றியது மற்றொன்றின் பயனாயிற்று. பழைய குறையும் நிழல்போல் உடன் வந்தது.

நிற்க. இந்நோய் வரும் வகையை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். அறுவை செய்துகொண்டு இரண்டாண்டு கழிந்த ஓர் ஆசிரியர் காலை எட்டு மணிக்கு மூன்று இட்டிலியும், இரண்டு கரண்டிச் சர்க்கரையிட்ட காப்பியும் அருந்துகின்றார் என்க. இட்டிலி ஒன்றுக்கு 10 முதல் 12 கிராம் வரை மாச்சத்து. காப்பியின் சர்க்கரையோடு கூட்டினால் 40 கிராமுக்கு மேலாகும். மதகில்லாமையால் இது சில நிமிடங்களிற் குடலை அடைந்து விரைவில் இரத்தத்தில் ஏறுகின்றது. எட்டே முக்காலுக்கு அவருடைய சர்க்கரை 200-ஐயும் கடந்திருக்கலாம். அவர்க்கோ அப்போது ஒன்றும் தெரிவதில்லை. வெள்ளத்தைக் கண்ட கணையம் வடிகாலை அகலத் திறந்துவிடுகின்றது. ஒன்பதரைக்குள் குடலில் உணவு தீர்ந்தது, வரத்து நின்றது. திறந்த வடிகால் உடனே அடைபடுவதில்லை. இரத்தத்தினின்று இன்சுலின் விரைவில் நீங்கினும், தசைகளில் அது தொடங்கிய வேலை சிறிது நேரம் நீடிக்கும். பத்து மணிக்கு ஆசிரியர் கரும்பலகையின் முன் நிற்கின்றார். கை நடுங்குகின்றது, நெற்றி வியர்க்கின்றது, நெஞ்சு படபடக்கின்றது, காலையில் உண்ணாதவர்போல் அடங்காப் பசி எழுகின்றது. இவை உடல் விடுக்கும் எச்சரிக்கைகள். இவற்றைப் பொருட்படுத்தாவிடின் அடுத்து மூளை தளரும். நன்கறிந்த கணக்கைப் பிழைபடப் போடுவார், மாணவன் பெயர் நாவில் வாராது, பார்வை மங்கும், காரணமின்றிச் சினப்பார், பின்னர் விழுவார்.

உடனிருப்போர் எலுமிச்சை ரசத்தில் நான்கு கரண்டிச் சர்க்கரையிட்டுக் கொடுக்கின்றனர். பத்து நிமிடத்தில் தெளிகின்றார், எல்லாரும் மகிழ்கின்றனர். ஆனால் அப்பானம் மீண்டும் ஒரு வெள்ளம். பதினொன்றரை மணிக்கு இரண்டாம் முறை நடுக்கம் எடுக்கின்றது. இவ்வாறு நாள் முழுதும் ஏறி இறங்கி, ஒவ்வொரு முறையும் இனிப்பை நாடி, சில திங்களில் குறைந்த எடை திரும்புவதும் உண்டு. அவ்வாறு எடை கூடியவரை நாவடக்கமில்லாதவர் என்று பழித்தல் மிகவும் அநீதியானது. அவர் உண்பது சுவைக்காகவன்று. மூளை பட்டினியால் அலறுகின்றமையின் உண்கின்றார்.

உண்ட அரைமணி நேரத்திற்குள் வரும் படபடப்பும் வயிற்றுப் பொருமலும் வேறு. ஹெர்ட்ஸ் கண்டது அதுவே. குடலுள் நீர் ஈர்க்கப்படுதலால் விளைவது. நாம் பேசுவது ஒன்று முதல் மூன்று மணி நேரத்திற்குள் வருவது. இரண்டும் ஒருவர்க்கே வருதலும் உண்டு; ஆதலின் வந்த நேரத்தைக் குறித்துவைத்தல் வைத்தியர்க்குப் பேருதவியாம்.

குறியை மட்டும் கொண்டு நோயைத் துணிதல் ஆகாது. நியூயார்க் நகரத்து அறுவை வைத்தியர் ஆலன் விப்பிள் என்பார் 1938-இல் இதற்கு மூன்று அடையாளங்கள் வகுத்தார்: சர்க்கரைக் குறைவின் குறிகள் தோன்றல் வேண்டும், அவ்வேளையில் அளந்தால் இரத்தச் சர்க்கரை உண்மையாகவே தாழ்ந்திருத்தல் வேண்டும், குளுக்கோஸ் கொடுத்தபின் குறிகள் நீங்குதல் வேண்டும். மூன்றும் பொருந்தினாலன்றி இந்நோய் என்னலாகாது. (விப்பிள் பாரசீகத்து உருமியா நகரில் மிஷனரிப் பெற்றோர்க்கு மகனாய்ப் பிறந்தவர் என்பது நம் போன்ற கல்லூரியார்க்கு ஆர்வந்தரும் செய்தியாகும்.) இந்நாளில் விரல் நுனியில் ஒரு துளி இரத்தமெடுத்து வீட்டிலேயே அளக்கும் கருவி எளிதிற் கிடைக்கின்றது. 70 மில்லிகிராமுக்குக் கீழ்ப்படின் எச்சரிக்கை. 54-க்குக் கீழ்ப்படின் அபாயம். தோலின்மேல் ஒட்டிவைத்து இரவும் பகலும் அளக்கும் சிறு கருவிகளும் வந்துள்ளன. அவை ஏற்ற இறக்கத்தின் போக்கைக் காட்டுவதில் வல்லன. மிகத் தாழ்ந்த அளவுகளில் அவற்றின் எண் சிறிது பிறழக்கூடுமாதலின், ஐயம் நேர்ந்தால் விரல்நுனி அளவையே நம்புக. ஒன்று நினைவில் வைத்தற்குரியது: வெறுங் குளுக்கோஸ் நீரைக் குடிப்பித்துச் செய்யும் சோதனை இவர்க்கு ஏற்றதன்று. அது நோயை அளப்பதன்றி நோயை வருவித்துவிடும். புரதமும் கொழுப்பும் கலந்த உணவைக் கொடுத்து அளப்பதே முறை.

பட்டினியிலும், விடியற்காலையில் உண்ணாமுன்னும் சர்க்கரை தாழுமாயின் அது இந்நோயன்று என்றே முதலில் ஐயுறல் வேண்டும். கணையத்திற் சிறு கட்டி, அட்ரினல் சுரப்பியின் குறை, ஈரல் நோய், நீரிழிவுக்கென முன்னர்க் கொடுத்து நிறுத்தப்படாத மாத்திரை ஆகியன காரணமாயிருத்தல் கூடும். அவற்றை உணவால் திருத்த முயல்வது வீண்காலம் போக்குதலாம்.

இன்சுலின் ஏன் இத்துணை மிகுதியாகச் சுரக்கின்றது? இது பற்றிய ஆராய்ச்சி சுவையுடையது, சற்றே விரிப்போம். அறுவைக்குத் தொடர்பின்றியே இன்சுலின் மிகுதலால் சர்க்கரை தாழ்தல் உண்டென்பதை 1924-இல் அமெரிக்க வைத்தியர் ஸீல் ஹாரிஸ் எடுத்துரைத்தார். டொரண்டோ நகரில் நீரிழிவாளர்க்கு முதன்முதல் இன்சுலின் செலுத்தி இரண்டாண்டே ஆகியிருந்த காலம் அது. இன்சுலின் அளவு மீறியோரிடம் கண்ட குறிகளையே, இன்சுலின் ஒருபோதும் ஏற்றுக்கொள்ளாத சிலரிடத்தும் அவர் கண்டார். பின்னர் 1964-இல் வேறோர் உண்மை தெளிவாயிற்று: அதே அளவு குளுக்கோஸை நரம்பின் வழியே செலுத்துவதினும் வாய்வழியே கொடுத்தால் இன்சுலின் மிகுதியாய்ச் சுரக்கின்றது. குடலே கணையத்திற்குத் தூது விடுகின்றது என்பது இதனால் விளங்கிற்று. அத்தூதருள் முதன்மையானது ஜி.எல்.பி.-1 என்னும் சுரப்புநீர். சிறுகுடலின் கடைப்பகுதியில் இதனைச் சுரக்கும் அணுக்கள் மிகுதி. இயல்பாக உணவு அங்குச் சேருமுன் பெரும்பகுதி கிரகிக்கப்பட்டுவிடும். அறுவை பெற்றார்க்கோ உணவு கடுகி அவ்விடத்தை அடைகின்றது, தூது பன்மடங்காகின்றது, கணையம் அளவு கடந்து விடையிறுக்கின்றது. நீரிழிவுடையார் பலர்க்கு இவ்வறுவையால் அந்நோய் தணிவதற்கும் இத்தூது ஒரு காரணம். ஒருவர்க்கு மருந்தாவதே மற்றொருவர்க்கு மிகையாய்ப் போகின்றது.

2005-இல் அமெரிக்க மேயோ மருத்துவ நிலையத்தார், அறுவைக்குப்பின் கடுமையாகச் சர்க்கரை தாழ்ந்த ஆறு பேரைப் பற்றி எழுதினர். அவர்தம் கணையத்தின் ஒரு பகுதியை நீக்கிச் சோதித்து, இன்சுலின் சுரக்கும் அணுக்கள் பெருத்துப் பெருகியுள்ளன என்றனர். இதனைப் படித்த வைத்தியர் பலர் கணையத்தை அறுப்பதே தீர்வென்று கருதலாயினர். மறு ஆண்டே வேறு ஆராய்ச்சியாளர் அக்கணையப் பகுதிகளை மீண்டும் நோக்கி, பருமனுடைய ஏனையோரினும் அவ்வணுக்கள் பெருகியுள்ளன என்னும் முடிவிற்கு இடமில்லை என்று காட்டினர். கணையத்தின் பெரும்பகுதியை இழந்தார்க்கும் நோய் திரும்புதல் கண்டு அம்முறை இந்நாளிற் பெரும்பாலும் கைவிடப்பட்டது.

காரணம் கணையத்திலன்று, உணவு செல்லும் வழியிலேயே என்பதை அழகுற விளக்கிய சோதனையொன்று 2010-இல் வெளியாயிற்று. நோயுற்ற ஒருவருக்கு, கைவிடப்பட்டுக் கிடந்த பழைய இரைப்பைக்குள் வயிற்றின் வழியே ஒரு குழாய் வைத்தனர். ஒரே வகை உணவை வாயாற் கொடுத்தபோது இன்சுலின் மிகுந்து சர்க்கரை தாழ்ந்தது. குழாய் வழியே பழைய ஏரிக்குள் விட்டபோது இரண்டும் இயல்பாயின. அதே ஆள், அதே கணையம், அதே உணவு. மாறியது வழி ஒன்றே. பின்னும், கீலா என்னும் அமெரிக்க நச்சுப் பல்லியின் உமிழ்நீரிற் கண்டெடுத்த ஒரு பொருளின் துண்டு, ஜி.எல்.பி.-1 கணையத்தைத் தொடாவண்ணம் தடுக்க வல்லது. அதனைச் செலுத்திய நோயாளர்க்கு உண்டபின் சர்க்கரை தாழவில்லை. தூது பற்றிய கொள்கைக்கு இது சான்றாயிற்று.

இனி நோயுற்றார் செய்தற்குரியது யாது? விரைவே நோயின் வேராதலின், விரைவைத் தணித்தலே சிகிச்சையின் வேர். மருந்துக்கு முன் உணவு.

இந்நோயை அறிந்த வைத்தியரும் உணவு நூலோரும் ஒரு வேளைக்கு 30 கிராம் அளவும், இடையுணவுக்கு 15 கிராம் அளவும் மாச்சத்து போதுமென்பர். மேற்கூறிய ஆசிரியர்க்கு இது மூன்று இட்டிலியை ஒன்றரையாக்குதலும், காப்பியிற் சர்க்கரையை விடுதலும் ஆகும். அவ்வளவோடு நின்றால் அவர் பசியால் வாடுவார். ஆதலின் வெற்றிடத்தைப் புரதத்தால் நிரப்புதல் வேண்டும். இரண்டு முட்டை, அல்லது கெட்டியான பருப்பு, அல்லது பனீர், அல்லது முந்திய நாள் ஊறவைத்து அவித்த கொண்டைக்கடலைச் சுண்டல். மதியத்தில் மீனோ கோழியோ முதலில், அடுத்துப் பொரியலும் கீரையும், கடைசியிற் சிறிதளவு சோறு. வரிசை மாறுவதாலும் பயனுண்டு. புரதமும் நாரும் முன் சென்றால் பின்வரும் மாச்சத்து ஏறும் வேகம் தணியும். நம் இல்லங்களிற் சோற்றைக் குவித்துப் புரதத்தைத் தொட்டுக்கொள்ளும் வழக்கம் இவர்க்கு ஆகாது. மூன்று நான்கு மணிக்கொரு முறை சிறிதளவு உண்க. மெல்ல மென்று உண்க. உணவோடு நீர் பருகாது, அரைமணி நேரம் கழித்துப் பருகுக. நீர் உணவைக் கரைத்துக் கடுகச் செலுத்தும்.

நீர்த்த உணவே இவர்க்குப் பெரும்பகை. இவ்விடத்தில் நம் மரபு நம்மை வழிதவறச் செய்கின்றது. உடல் நலிந்தவர்க்குக் கஞ்சி கொடுத்தல் நம் தாய்மார் கைகண்ட முறை. அரிசிக் கஞ்சி, சவ்வரிசிக் கஞ்சி, பாலிற் கரைத்த மாப் பானங்கள், பழரசம் ஆகியவை மதகில்லாத வயிற்றில் வாய்க்கால் நீராய் ஓடும். கேழ்வரகு நல்லதென்று கூழாகக் கரைத்துக் குடித்தாலும் வேகம் குறைவதில்லை. பழத்தைப் பிழிந்து குடிப்பதினும் கடித்துத் தின்பது மேல். அதுவும் ஒரு கொய்யாவோ பாதி ஆப்பிளோ என்னுமளவில். கருப்பட்டியும் தேனும் இயற்கைப் பொருள்களாதலின் தீங்கில்லை என்பார் கூற்றை நம்பவேண்டா. இரத்தத்தை அடைந்தபின் அவையும் சர்க்கரையே. நோன்பிருப்பார் ஒன்றைக் கவனித்தல் தகும். நோன்பு வேளையில் இவர்க்கு இக்குறை வாராமை கண்டு அச்சமின்றி இருப்பர். நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழமும் கஞ்சியும் இனிப்புப் பானமும் ஒருங்கே உட்கொண்டால், அடுத்த இரண்டு மணி நேரத்தில் வீழ்ச்சி வரும்.

மதுபானம் அறவே விலக்கத்தக்கது. அறுவைக்குப்பின் அது இரத்தத்தில் விரைந்தேறும். கல்லீரல் சர்க்கரையை வழங்குவதையும் தடுக்கும்.

அச்சத்தால் வேளையுணவைக் கைவிடுவாரும் உளர். உண்டாலன்றோ வருகின்றது, உண்ணாதிருப்போம் என்பது அவர் வாதம். மாலையிற் பசி மிகுந்து ஒருங்கே உண்ணும்போது வீழ்ச்சி கடுமையாகின்றது. புரதமும் வைட்டமின்களும் குறைந்து உடலும் நலிகின்றது. அறுவை பெற்றார்க்கு இச்சத்துக்கள் முன்னரே எளிதிற் குறைவன.

வீழ்ச்சி வந்தக்கால் செய்வது வேறு. தடுப்பதற்குச் செய்வது வேறு. 70-க்குக் கீழ் எண் காட்டினால், அல்லது அளக்க வகையின்றிக் குறிகள் தெளிவாயின், 10 முதல் 15 கிராம் வரை குளுக்கோஸ் உட்கொண்டு 15 நிமிடம் காத்திருந்து மீண்டும் அளக்க. தேறாவிடின் மறுமுறையும் அவ்வளவே. இங்குக் கருணை மிகுந்து அளவை மீறுதலே மேற்கூறிய எலுமிச்சை ரசக் கதையின் பிழை. தெளிந்தவுடன், அடுத்த வெள்ளமின்றி நிலைநிறுத்தற்பொருட்டு, ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையோ ஒரு முட்டையோ உண்ணச் செய்க. இவ்விரண்டாம் படியைப் பலரும் விட்டுவிடுகின்றனர். வீழ்ச்சி திரும்புவதற்கு அதுவே பெரும்பாலும் காரணம்.

நினைவிழந்தார் வாயில் யாதொன்றும் ஊற்றற்க. சர்க்கரை நீர் மூச்சுக்குழலிற் புகுந்தால் மயக்கத்தினும் பெருந்தீங்கு விளையும். ஒருக்களித்துக் கிடத்தி, தமிழ்நாட்டில் 108-ஐ அழைத்து, இன்ன அறுவை செய்துகொண்டவர் என்பதைச் சொல்க. அவ்வொரு சொல் வைத்தியர்க்கு நேரத்தை மீட்டுத்தரும். விடுதியிலோ அலுவலகத்திலோ உடனுறைவார் ஒருவரேனும் இச்செய்தியை அறிந்திருத்தல் நலம். இத்தகையோர் வாகனம் ஓட்டுமுன், சிறப்பாக உண்டபின் ஒன்று முதல் மூன்று மணி நேரத்திற்குள் ஓட்ட நேருமாயின், அளந்து பார்த்தே புறப்படல் வேண்டும். பலமுறை தாழ்ந்தார்க்கு நடுக்கமும் வியர்வையுமாகிய எச்சரிக்கைகள் நாளடைவில் மழுங்கிவிடும். அவர் முன்னறிவிப்பின்றியே நினைவிழப்பர். சாலையில் அது அவரோடு முடியும் செய்தியன்று.

இவ்வளவும் படித்தோர் அறுவையையே வெறுத்தல் வேண்டா. ஸ்வீடன் நாட்டுப் பதிவேடுகளைக்கொண்டு 2010-இல் வெளிவந்த ஆய்வின்படி, இக்குறைக்காக மருத்துவமனையிற் சேர நேர்ந்தவர் நூற்றுக்கு ஒருவரினும் மிகக் குறைவு. இலேசான வீழ்ச்சிகள் அதனினும் பொதுவானவை. அவற்றுட் பெரும்பாலன உணவு முறையாலேயே அடங்குகின்றன.

அடங்காதார்க்கு மருந்துகள் உள. இன்சுலின் சுரப்பதை அடக்கும் டையஸாக்ஸைடு, குடற்சுரப்புகளை அடக்கும் ஆக்ட்ரியோடைடு ஆகியவற்றை வைத்தியர் சிலர்க்குக் கொடுப்பர். எதற்கும் இணங்காத கடுநோயில் பழைய இரைப்பைக்குள் குழாய் வைத்து உணவூட்டலும், அறுவையையே மாற்றி உணவைப் பழைய வழியிற் செலுத்தலும் உண்டு. மாற்றியமைத்தும் சிலர்க்குக் குறை நீங்குவதில்லையாதலின் அதனைக் கடைசியிலேயே எண்ணுவர்.

முதலிற் கொடுக்கப்பெறும் மருந்தாகிய அகார்போஸைப் பற்றி ஒன்று கூறல் வேண்டும். இது உணவின் முதற் கவளத்தோடு உட்கொள்ளப்படுவது. மாச்சத்தைச் சிதைக்கும் குடல்நொதிகளை இது தடுக்கின்றமையின், குளுக்கோஸ் மெல்ல மெல்லவே வெளிப்படும். இழந்த மதகை ஓரளவு மருந்தால் ஈடு செய்தது போலாம். தொடக்கத்தில் வாயுவும் பொருமலும் தொல்லை தரும். ஆதலின் சிற்றளவிலே தொடங்கி உயர்த்துவர். ஆனால் நாம் வீட்டில் வழங்கும் சர்க்கரையும் இரு கூறு இணைந்ததோர் பொருளே. அதனைப் பிரிக்கும் நொதியையும் அகார்போஸ் தடுத்துவிடும். ஆதலின் இம்மருந்து உட்கொள்வார் மயங்குங்கால் சர்க்கரையோ கற்கண்டோ மிட்டாயோ கொடுத்தால் அது உரிய வேளையில் உதவாது. தனிக் குளுக்கோஸே வேண்டும். மருந்துக்கடைகளிற் குளுக்கோஸ் தூள் எளிதிற் கிடைப்பது. அதனைப் 10 கிராம் அளவிற் பொட்டலமாகக் கட்டி, ஒன்றைச் சட்டைப்பையிலும் ஒன்றை மேசை அறையிலும் வைத்துக்கொள்ளல் வேண்டும்.